இரவுக்கு மாற்றிய போர் விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. இருபது வருடமாக நான் ஒட்டிச் சேர்த்த பிளாஸ்டிக் விமான மாடல்கள், எல்லாம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. மேல்தட்டில் ஸ்பிட்ஃபயர் மாதிரி அழகான விமானங்கள். அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. வருகிறவர்கள் குனிந்து பார்ப்பது கீழ்த்தட்டைத்தான். கறுப்புச் சாயம், மூக்கில் கொம்பு, முதுகில் மேல்நோக்கிய துப்பாக்கி. எல்லாமே இரண்டாம் உலகப் போரில் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டு, ராத்திரி வேலைக்கு மாற்றப்பட்டவை. உறவுக்காரர்கள் முதல் கேஸ் சிலிண்டர் போட வருகிற தம்பி வரை கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

இரவுச் சண்டை விமானம்னா என்ன சார்? எல்லா விமானமும் ராத்திரி பறக்கும்தானே?

பறக்கும். இருட்டில் இன்னொரு விமானத்தைத் தேடிப் பிடித்து, சுட்டு வீழ்த்தி, திரும்பி வந்து பத்திரமாக இறங்குவதுதான் கஷ்டம். ராத்திரி குண்டு போட வருகிறவனுக்கு இலக்கு ஓர் ஊர். அது எங்கேயும் ஓடிவிடாது. அவனைத் தடுக்கப் போகிறவனுக்கு இலக்கு, விளக்கை அணைத்துக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் ஒரு விமானம். நிலா இல்லாத இரவில் மிகவும் கிட்டே போனால்தான் அது நிழலாகத் தெரியும். சில சமயம் எஞ்சின் புகைக்குழாயின் செம்மைதான் முதலில் கண்ணில் படும்.

இந்தத் தடுக்கிற வேலைக்குப் போனவைதான் இரவுச் சண்டை விமானங்கள். குண்டு போடப் போனவை வேறு கணக்கு.

அதுக்குன்னே ஒண்ணு புதுசா செஞ்சிருக்கலாமே? ஏன் வேற வேலைக்குச் செஞ்சதை மாத்தணும்?

செய்தார்கள். அமெரிக்காவின் பி-61 பிளாக் விடோ, ரேடாரையும் சேர்த்து இரவுக்கென்றே வரைந்த விமானம். முதலில் பறந்தது 1942 மே மாதம், சண்டைக்கு வந்தது 1944 கோடையில். ஆனால் லண்டன் மீது ராத்திரிக்கு ராத்திரி குண்டு விழ ஆரம்பித்தது 1940 செப்டம்பரில். நாலு வருடம் யார் காத்திருப்பது? கொட்டகையில் எது நிற்கிறதோ அதைக் கொண்டு வா என்றார்கள்.

அப்படி நின்றவற்றில் பல, பகல் சண்டையில் அடிபட்டு ஓரங்கட்டப்பட்டவை. என் கீழ்த்தட்டில் பாதி அந்த ரகம்தான்.

சரி, அதுக்குக் குண்டுவீச்சு விமானமா? அது தடியா, மெதுவா இருக்குமே?

பகல் சண்டைக்குச் சுறுசுறுப்பு வேண்டும். சட்டென்று திரும்ப வேண்டும், ஏற வேண்டும், எதிரியின் வாலைப் பிடிக்க வேண்டும். ராத்திரியில் குட்டிக்கரணம் அடிக்க வேலையே இல்லை. சத்தமில்லாமல் பின்னால் போய், நெருங்கி, ஒரே மூச்சில் சுட்டுவிட வேண்டும். அதற்கு ரேடார் பெட்டிகளை வைக்க இடம், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மணிக்கணக்கில் சுற்ற எரிபொருள், கனமான ஆயுதம் எல்லாம் வேண்டும். இந்த ஜாதகம் குண்டுவீச்சு விமானத்துக்குத்தான் பொருந்துகிறது.

முதல் உதாரணம் பிரிட்டனின் பிளென்ஹைம். 1930-களின் இலகுரகக் குண்டுவீச்சு விமானம். அதன் வயிற்றில் நாலு இயந்திரத் துப்பாக்கிகள் கொண்ட ஒரு பெட்டியை மாட்டி, சண்டை விமானம் என்று பெயர் வைத்தார்கள். பகலில் ஜெர்மன் சண்டை விமானத்திடம் மாட்டினால் தப்பாது. ஆனால் 1940 ஜூலை 22-23 இரவு, க்ளின் ஆஷ்ஃபீல்ட் ஓட்டிய பிளென்ஹைம் ஒன்று, தன்னுள்ளே இருந்த ரேடாரை வைத்து டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கண்டுபிடித்து வீழ்த்தியது. விமானத்தில் வைத்த ரேடாரால் கிடைத்த முதல் வெற்றி அது.

பிளென்ஹைமுக்கு வேகம் போதவில்லை. சில குண்டுவீச்சு விமானங்களையே அதனால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. அடுத்து வந்தது போஃபைட்டர். போஃபோர்ட் என்ற டார்பிடோ விமானத்தின் இறக்கையையும் வாலையும் எடுத்து, பெரிய எஞ்சின்கள் பொருத்தி, நாலு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளும் ஆறு இயந்திரத் துப்பாக்கிகளும் வைத்த முரட்டு உருப்படி. அப்புறம் மொஸ்கிட்டோ. அதையும் முதலில் நினைத்தது ஆயுதமே இல்லாத, மரத்தால் செய்த வேகமான குண்டுவீச்சு விமானமாகத்தான்.

மூக்குல மீன்முள் மாதிரி நீட்டிட்டு இருக்கே, அது என்ன?

அலமாரியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் உடைவதும் அதுதான். ஜெர்மன் ரேடாரின் ஆன்டெனாக்கள். ரேடாரின் அலைநீளம் கூடக்கூட கொம்பும் நீளும். முதலில் வந்த லிக்டென்ஸ்டைன் ரேடாரின் அலைநீளம் 60 சென்டிமீட்டர் அளவு; கொம்பு சின்னது. பின்னால் வந்த எஸ்.என்.2-வின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல். கொம்பு மான்கொம்பு அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஜெர்மானியர்களே அதற்கு மான்கொம்பு என்றுதான் பெயர் வைத்தார்கள். காற்றைத் தடுத்து வேகத்தைத் தின்றதால் விமானிகள் பலர் ஆரம்பத்தில் இதை வேண்டாம் என்றார்கள். 1941 ஆகஸ்டில் லுட்விக் பெக்கர் என்ற ஜெர்மன் விமானி, முதலில் வந்த அந்தச் சின்னக் கொம்பு ரேடாரோடு ஒரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினார். அவர் ஓட்டிய டோர்னியர் 215-ம் குண்டுவீச்சு விமானமாக ஆரம்பித்ததுதான்.

பிரிட்டிஷ் விமானங்களிலும் முதலில் ஆன்டெனாக் கம்பிகள் இருந்தன. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும், குட்டை அலைகளை வலுவாக உண்டாக்கும் கேவிட்டி மேக்னட்ரான் என்ற கருவியைச் செய்து காட்டியதும், 10 சென்டிமீட்டர் அலையில் ரேடார் செய்ய வழி பிறந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தை மூக்குக்குள் ஒளித்து வைத்துவிடலாம். பிந்தைய மொஸ்கிட்டோக்களின் மூக்கு வழவழவென்று இருப்பதற்குக் காரணம் இது.

ரேடார்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு ரெண்டாவது ஆள்?

அந்தக் காலத் திரையில் விமானத்தின் படமெல்லாம் வராது. பிரிட்டனின் ஏ.ஐ. மார்க் 4 என்ற விமான ரேடாரில் இரண்டு சிறிய குழாய்த் திரைகள். ஒன்று இடமா வலமா என்று சொல்லும், மற்றது மேலா கீழா என்று. நடுக்கோட்டின் இருபுறமும் ஒரு புடைப்புத் தெரியும். எந்தப் பக்கம் பெரிதோ, அந்தப் பக்கம் இலக்கு. இதைப் படித்து, 'இடது, இன்னும் கொஞ்சம் இடது, வேகத்தைக் குறை' என்று பின்னால் இருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

விமானியே பார்க்கக்கூடாதா என்றால், கண் கெட்டுவிடும். ஒளிரும் திரையைப் பார்த்த கண்ணுக்கு வெளியே இருட்டில் ஒன்றும் தெரியாது. கடைசி நூறு இருநூறு மீட்டரில் விமானி தன் கண்ணை நம்பித்தான் சுட வேண்டும். அதனால் ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் இருட்டைப் பார்க்க என்று வேலையைப் பிரித்தார்கள்.

இன்னொரு சிக்கல். தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி திரையை நிறைத்துவிடும் என்பதால், 15,000 அடி உயரத்தில் பறந்தால் சுமார் 15,000 அடி தூரம் வரைதான் இந்த ரேடார் பார்க்கும். நாலரை கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் கொண்டுபோய் விடுவது தரை ரேடாரில் உட்கார்ந்திருப்பவரின் வேலை. ஆக, ஒரு வெற்றிக்குப் பின்னால் குறைந்தது மூன்று பேர். பெயர் மட்டும் விமானிக்கு.

கேரட் சாப்பிட்டுத்தான் பிரிட்டிஷ் பைலட்டுக்கு ராத்திரி கண்ணு தெரிஞ்சதாமே?

என் அம்மாவும் சொல்லியிருக்கிறார், எனக்குக் கேரட் பொரியல் போடும்போது. ஜான் கன்னிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் விமானி 1940 நவம்பரில் போஃபைட்டரிலிருந்து யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்தினார். ஏ.ஐ. மார்க் 4-க்குக் கிடைத்த ஆரம்ப வெற்றிகளில் ஒன்று. ரேடார் பற்றி வெளியே மூச்சுவிட முடியாது. அதனால் அவருக்குப் பூனைக்கண் என்று பட்டம் கட்டி, கேரட் மகிமையும் பாடினார்கள். உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கேரட் தாராளமாகக் கிடைத்தது. அரசுக்கு அதை விற்கவும் ஒரு சாக்கு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மை. குறையில்லாதவர் எத்தனை கிலோ தின்றாலும் ஆந்தையாக மாட்டார்.

இந்த ஒண்ணுல முன்னாடி துப்பாக்கியே இல்லையே, ஒட்ட மறந்துட்டீங்களா?

மறக்கவில்லை. அது டிஃபையன்ட். விமானிக்கு நேர் முன்னே சுடத் துப்பாக்கி கிடையாது. பின்னால் சுழலும் கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து நாலு துப்பாக்கிகளை இயக்குவார். துணைக்குச் சண்டை விமானம் இல்லாமல் வரும் குண்டுவீச்சு விமானங்களை நிதானமாகப் பக்கத்தில் போய்ச் சுடலாம் என்று யோசித்துச் செய்தது. பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தபின் துணை விமானங்கள் கூடவே வந்தன. 1940 ஜூலை 19-ல் 141-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவின் ஒன்பது டிஃபையன்ட்கள் கிளம்பின. பாதிக்கு மேல் திரும்பவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பகல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ராத்திரியில் அதே கூண்டு வரமானது. எதிரியின் வயிற்றுக்கு அடியில் நழுவிப் போய், சமவேகத்தில் நின்று, கூண்டைத் திருப்பி மேலே சுடலாம். இருண்ட தரைப் பின்னணியில் டிஃபையன்ட் தெரியாது. வெளிறிய வானத்தில் எதிரி தெரிவான். அந்தக் குளிர்காலத்தில் லண்டனைக் காத்தவற்றில் இதற்கு நல்ல பங்கு உண்டு, அதுவும் பெரும்பாலும் ரேடார் இல்லாமலே.

மூக்குல பெரிய லைட்டு வச்ச விமானம்னு சொன்னீங்களே, நிஜமாவா?

நிஜம். பிரான்ஸ் அமெரிக்காவிடம் ஆர்டர் கொடுத்து, பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரிட்டன் கைக்கு வந்த டக்ளஸ் டிபி-7 குண்டுவீச்சு விமானங்களை ஹேவக் என்று இரவு வேலைக்கு மாற்றினார்கள். சிலவற்றின் மூக்கில் 270 கோடி மெழுகுவர்த்தித் திறன் கொண்ட டர்பின்லைட் விளக்கு. குண்டு வைக்கும் இடம் முழுக்க பேட்டரி. துப்பாக்கி வைக்க இடமில்லை. அதனால் பக்கத்தில் ஒரு ஹரிக்கேன் சண்டை விமானம் கூடவே பறக்கும். ஹேவக் ரேடாரில் இலக்கைப் பிடித்து விளக்கைப் போட வேண்டும், அந்த வெளிச்சத்தில் ஹரிக்கேன் பாய்ந்து சுட வேண்டும். கல்யாண வீட்டில் வீடியோக்காரரும் லைட் பிடிக்கிறவரும் மாதிரி.

விளக்கு எரிந்த மறுகணம் எதிரி சரிந்து இருட்டில் போய்விடுவான். ஹரிக்கேன் விமானிக்குக் கண் கூசும். இதற்கென்று பத்து ஸ்குவாட்ரன்கள் வரை அமைத்தார்கள். உறுதியான வெற்றி ஒன்று. தவறுதலாகத் தங்கள் தரப்பு ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம் ஒன்றையும் வீழ்த்தினார்கள். 1943 ஜனவரியில் கலைத்துவிட்டார்கள். என் தட்டில் இதற்கு இடம் கொடுத்ததற்குக் காரணம், கதை நன்றாக இருக்கிறது என்பது மட்டுமே.

ஜெர்மன்காரங்க மட்டும் உருப்படியா செஞ்சாங்களா?

அங்கேயும் அதே கதைதான். மெஸ்ஸர்ஷ்மிட் 110 இரட்டை எஞ்சின், நீண்ட தூரம் போகும் பகல் சண்டை விமானம். பிரிட்டன் மீதான வான்போரில், துணைக்குப் போன அதற்கே துணை தேவைப்பட்டது. ஆனால் இடமும் ஆளும் எரிபொருளும் ஆயுதமும் உண்டே. 1940 ஜூனில் வுல்ஃப்காங் ஃபால்க் தலைமையில் முதல் இரவுப் படைப்பிரிவு அமைந்தபோது அதன் முதுகெலும்பு இந்த 110. கடைசி வரை ஓய்வு பெறவில்லை. இதில் பறந்த ஹைன்ட்ஸ் வுல்ஃப்காங் ஷ்னாஃபர் பெயரில் 121 வெற்றிகள், எல்லாமே இரவில். வேகக் குண்டுவீச்சாகப் பிறந்த யுங்கர்ஸ் 88 இன்னும் நல்ல இரவு விமானம் ஆனது. என் கொம்பன் அதுதான்.

முதுகுல துப்பாக்கி மேல பார்த்து நிக்குதே, தலைகீழா ஒட்டிட்டீங்களா?

இல்லை. டிஃபையன்ட் கேள்வியில் சொன்ன அடியிலிருந்து சுடும் வித்தைதான், ஆனால் கூண்டும் கூண்டு ஆளும் இல்லாமல். பீரங்கியை முதுகில் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திவிட்டு, விமானி நேராகப் பறந்தபடியே தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடிக் குறியில் பார்த்துச் சுடுவார். ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள் சாய்ந்த இசை. ஜாஸ் இசைக்கு அங்கே வழங்கிய கேலிப்பெயர். பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றைக் காக்கத் துப்பாக்கி கிடையாது. அனுபவசாலிகள் உடலைக் குறிவைக்க மாட்டார்கள், உள்ளே குண்டு இருக்கிறது, வெடித்தால் இருவரும் போவோம் என்று. இறக்கையில் எரிபொருள் தொட்டிதான் குறி. ஒளிர்ந்தபடி பறக்கும் தோட்டாக்களையும் தவிர்த்தார்கள். எங்கிருந்து அடி விழுந்தது என்று தெரியாமலே பல குழுக்கள் போய்ச் சேர்ந்தன.

ஜப்பான் விமானத்துலயும் அதே மாதிரி இருக்கே. காப்பியா?

அவர்கள் தாமாகவே அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. நகாஜிமா ஜே1என்-ஐ ஜப்பானியக் கடற்படை நீண்டதூரத் துணைச் சண்டை விமானமாகக் கேட்டது. 1941-ல் பறந்து பார்த்தபோது கனம், திரும்பாது, துணைக்கு லாயக்கில்லை. சரி, உளவு பார்க்கவாவது போ என்று மாற்றினார்கள். தெற்குப் பசிபிக்கின் ரபாவுல் தளத்தில் இவை உளவு வேலையில் இருந்தன. ராத்திரிகளில் அமெரிக்க பி-17-கள் வந்து குண்டு போட்டுத் தூக்கத்தைக் கெடுத்தன.

அங்கே 251-ஆம் விமானப் பிரிவின் தளபதி யசுனா கொசோனோ, இதன் உடலில் 20 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டை மேல்நோக்கியும் இரண்டைக் கீழ்நோக்கியும் 30 டிகிரி சாய்த்து வைக்கலாம் என்றார். மேலிடம் முதலில் சிரித்து ஒதுக்கியது. விடாமல் பொருத்தினார். 1943 மே 21 அதிகாலை, ஷிகெடோஷி குடோ ஓட்டிய விமானம் இரண்டு பி-17-களை வீழ்த்தியது. அதன்பின் மேலிடமே இதை இரவு விமானமாகத் தொழிற்சாலையில் தயாரிக்கச் சொன்னது. பெயர் கெக்கோ, நிலவொளி. ஆரம்பத்தில் ரேடார் இல்லை, பெயருக்கேற்ப நிலவையும் தரை விளக்குகளையும் நம்பித்தான் வேட்டை. பின்னாளில் அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் உயரத்திலும் வேகத்திலும் இதை மிஞ்சிவிட்டன.

ஒரே ஆள் ஓட்டுற சின்ன விமானத்தால ராத்திரி முடியவே முடியாதா?

ரெண்டாவது ஆள் எதற்கு என்று மேலே எழுதியதைப் பார்த்தால் முடியாது என்றுதான் தோன்றும். ஹாயோ ஹெர்மான் என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானி வேறு மாதிரி யோசித்தார். எரியும் நகரத்தின் மேல், தீயும் விளக்குகளும் மேகத்தை வெளுக்க வைக்கும்போது, குண்டுவீச்சு விமானங்கள் பூச்சி போலத் தெளிவாகத் தெரியும்; அங்கே ரேடார் எதற்கு? 1943 ஜூலை 3-4 இரவு கொலோன் நகரத்தின் மேல் ஒற்றை இருக்கை மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானங்களை வைத்துச் செய்தும் காட்டினார். முறையின் பெயர் காட்டுப்பன்றி.

மூன்று வாரத்தில் அதற்கு மவுசு கூடியது. ஜூலை 24-25 ஹாம்பர்க் தாக்குதலில் பிரிட்டிஷார் அலுமினியத் தாள் துண்டுகளைக் கொத்துக்கொத்தாகக் கொட்டி ஜெர்மன் ரேடார்களைக் குருடாக்கினார்கள். ரேடாரையே நம்பாத காட்டுப்பன்றிகளுக்குப் பாதிப்பில்லை. ஆனால் குளிர்காலம் வந்தது. மூடுபனியில் தரையே தெரியாமல், இறங்க வழியின்றிக் குதித்துவிட்டு விமானத்தைக் கைவிட்டவர்கள் பலர். எதிரியைவிட வானிலைக்குப் பலியானவை அதிகம் என்று தோன்றும் அளவுக்கு.

ரேடாரை வச்சிருந்தவனையே ரேடார் காட்டிக்கொடுத்துச்சாமே, அது எப்படி?

ரேடார் என்பது இருட்டில் டார்ச் அடிப்பது. அடிக்கிறவனும் தெரிவான். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களின் வாலில் மோனிகா என்று ஓர் எச்சரிக்கை ரேடார் இருந்தது, பின்னால் யாராவது வந்தால் சொல்ல. ஜெர்மானியர்கள் அதன் அலையையே மோப்பம் பிடித்துப் பின்தொடரும் ஒரு கருவியைச் செய்து யுங்கர்ஸ் 88-ல் வைத்தார்கள். காக்க வைத்ததே காட்டிக்கொடுத்தது.

இது எப்படித் தெரியவந்தது தெரியுமா? 1944 ஜூலை 13-ல் ஒரு யுங்கர்ஸ் 88 குழு திசை தப்பி, தங்கள் தரப்புத் தளம் என்று நினைத்து இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜில் இறங்கிவிட்டது. மோப்பக் கருவி, எஸ்.என்.2, எல்லாம் சுடச்சுட பிரிட்டிஷ் கையில். மோனிகாவைக் கழற்றிவிட்டார்கள்.

நம்ம பக்கம் இதெல்லாம் வந்ததா?

வந்தது. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தா மீது இரவில் குண்டு போட ஆரம்பித்தன. எகிப்தில் இருந்த 89-ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து ரேடார் வைத்த சில போஃபைட்டர்களை அவசரமாகக் கல்கத்தாவின் டம்டம் தளத்துக்கு வரவழைத்து, 176-ஆம் ஸ்குவாட்ரன் அமைத்தார்கள். 1943 ஜனவரி 15 இரவு, ஆர்தர் பிரிங் சில நிமிடங்களுக்குள் மூன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். அதே வருடம் டிசம்பரில் கல்கத்தா வான்சண்டையில் அவர் இறந்தார். 89-ஆம் ஸ்குவாட்ரனும் 1943 அக்டோபரில் இலங்கைக்கு வந்து வவுனியாவில் தங்கியது. கறுப்பு போஃபைட்டர்களை வன்னியில் பார்த்த கண்கள் உண்டு.

எதிரி ரொம்ப மெதுவா வந்தா சுலபம்தானே?

தலைகீழ். கொரியப் போரில் வட கொரியா ராத்திரியில் அனுப்பியது போ-2. 1920-களின் வடிவம், மரமும் துணியும், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம். ரேடார் வைத்த அமெரிக்க எஃப்-94 ஜெட் ஒன்று இதைச் சுட வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் தானே தாங்காமல் விழுந்தது. பதிலுக்குத் தேடி எடுத்தது பழைய புரொப்பெல்லர் கோர்சேர். கடற்படையின் கய் போர்டலன் 1953 ஜூன், ஜூலையில் இரவு கோர்சேரில் ஐந்து விமானங்களை வீழ்த்தினார். பழசைத் தூசு தட்டி எடுத்த கதை மறுபடியும்.

இலங்கைப் போரின் கடைசி வருடங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2007 மார்ச் 26 அதிகாலை விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது குண்டு போட்டது, செக் தயாரிப்பான ஸ்லின் 143 என்ற நாலு பேர் உட்காரும் சிறு விமானத்தால். ஜெட் வைத்திருந்த இலங்கை விமானப்படைக்கு, அதை ராத்திரியில் பிடிப்பது தனித் தலைவலியாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் நேர்ல பார்க்க முடியுமா?

கெக்கோவில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உட்வார்-ஹேஸி கூடத்தில் நிற்கிறது. டிஃபையன்டும் மெஸ்ஸர்ஷ்மிட் 110-ன் இரவு வடிவமும் பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கேயே ஒரு யுங்கர்ஸ் 88-ம் உண்டு. இது வுட்பிரிட்ஜில் வழிதவறி இறங்கியது இல்லை. 1943 மே 9 அன்று அதன் குழுவினர் வேண்டுமென்றே கட்சி மாறி, நார்வேயிலிருந்து பறந்துவந்து ஸ்காட்லாந்தின் டைஸில் இறக்கிக் கொடுத்தது. லிக்டென்ஸ்டைன் ரேடார் முழுசாகப் பிரிட்டன் கையில் கிடைத்தது அப்போதுதான்.

என் யுங்கர்ஸ் 88-ஐப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம், வீட்டுக்கே வரலாம். கொம்பை மட்டும் தொடாதீர்கள். இதுவரை மூன்று தடவை ஒட்டியாகிவிட்டது.